முட்டு சாரும் எங்கள் வீட்டுப் பால்கனியும்

தர்மபுரி ஜில்லாவில் கூரை போட்ட எந்த இடத்திலும் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்னாத மனிதர் எங்கள் முட்டு சார். அவரோடு வெளியே போய் மானத்தோடு வீடு திரும்பியவர் எங்கள் ஆபீஸில் ஒருவரும் கிடையாது. முக்கியமாக, நான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சர்க்கார் கட்டிட வேலை ஆபீஸில் நான் டைப்பிஸ்ட், அவர் இன்ஜினியர். கான்கிரீட் இறுகும்வரை அதைக் கீழேயிருந்து தாங்க நிறுத்துகிற சவுக்குக் கம்புக்கு முட்டு என்று பெயர். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "இங்க ஒரு முட்டு குடுத்துடுங்க" என்பார். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போய்விட்டது.

ஆபீஸுக்கு எதிரே டீக்கடை. இரண்டு கல்லின் மேல் ஒரு நீளப் பலகை, அதுதான் பெஞ்சு. முட்டு சார் வந்தால் யாரும் இஷ்டத்துக்கு உட்கார முடியாது. எடை பார்த்துத்தான் இடம்.

"காண்ட்ராக்டர் சார், நீங்க கனமான ஆளு. நடுவுல உக்காந்தா பலகை ரொம்ப வளையும். ஓரமா, கல்லுக்குப் பக்கத்துல வாங்க. ஏம்மா டைப்பிஸ்ட்டு, நீ ஈர்க்குச்சிதானே, நடுவுல போ."

காண்ட்ராக்டர் முகம் செங்கல் நிறத்துக்குப் போகும். கடையில் இருக்கிற அத்தனை பேரும் என் உடம்பை அளந்து பார்ப்பார்கள். நான் டீ கிளாசுக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வேன். ஆபீஸ் அலமாரியிலும் இதே கதைதான். நடுத்தட்டு தொய்கிறது என்று கனமான ஃபைல்களை ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். அப்புறம் சூப்பரின்டெண்டென்ட் ஒரு ஃபைலைத் தேடினால் எடை சொல்லித்தான் கேட்க வேண்டும்.

இந்த மனிதரை என் நிச்சயதார்த்தத்துக்கு அழைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். அப்பா கேட்கவில்லை. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் முதல் பால்கனி வைத்த வீடு எங்களுடையது. வாசலுக்கு மேலே, கீழே ஒரு தூண்கூட இல்லாமல், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும்.

"இன்ஜினியரே வந்து பாத்து மெச்சட்டும்மா. மாப்பிள வூட்டுக்காரங்க காதுல வுழுவட்டும்" என்றார் அப்பா.

இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இண்டூரிலிருந்து வந்து இறங்கும்போது, பால்கனியில் நின்று பேண்டு செட் வாசிக்க வேண்டும். பெரிய டிரம் உட்பட.

முட்டு சார் புதுச் சட்டை போட்டு, கையில் பரிசுப் பொட்டலத்தோடு வந்தார். கேட்டிலேயே நின்றுவிட்டார். மேலே பேண்டுக்காரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"முட்டு எப்ப எடுத்தீங்க?"

"நேத்துதாங்க" என்றார் அப்பா பெருமையாக. "விசேஷத்துக்கு அசிங்கமா இருக்குமேன்னு எடுத்துட்டோம்."

"கான்கிரீட் எப்பப் போட்டது?"

"போன ஞாயித்துக்கிழம, பூசை முடிஞ்சு வந்து போட்டோமுங்க."

"ஒரு மாசமாவது முட்டு நிக்கணுமே!" முட்டு சார் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. வீடு கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டார். "கம்பி மேல இருக்குதா, கீழ இருக்குதா?"

மேஸ்திரி யோசித்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "உள்ளதாங்க இருக்குது."

அவ்வளவுதான். "டிரம்ம எறக்கு! எல்லாரும் எறங்கு!" என்று போட்ட கூச்சலில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை உருவினார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கீழே அழுத்தினார். மேல்தோல் பிளந்தது.

"பாருங்க. நீட்டிக்கிட்டு நிக்கறது மேலதான் கிழியும். கம்பி மேல இருந்தாத்தான் புடிச்சுக்கும். கீழ இருந்தா எல்லாம் தலையில!"

"நிச்சயத் தட்டுப் பழமய்யா அது!" என்று அப்பா அலறினார்.

மறுபடி முட்டுக் கொடுக்கக் கம்பு வேண்டும். பழைய கம்புகளை மேஸ்திரி வேறு வேலைக்கு அனுப்பிவிட்டிருந்தார். முட்டு சார் சுற்றிலும் பார்த்தார். பந்தல்கால் கண்ணில் பட்டது. யாரும் தடுப்பதற்குள் நாலு காலைப் பிடுங்கிவிட்டார். பந்தல் துணி அப்படியே சரிந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் அத்தைமார்கள் மேல் இறங்கியது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துணிக்கடியில் அத்தைமார்கள் கோழிக்குஞ்சு மாதிரி நெளிகிறார்கள். வாசலில், பால்கனிக்கு அடியில், ஒரு கெஜட்டட் ஆபீசர் பந்தல்காலை முட்டாக நிறுத்திக் கட்டிப்பிடித்து நிற்கிறார். அப்பா தலையில் கை வைத்திருக்கிறார். பட்டுப்புடவையோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா மீசைக்காரர். கோபக்காரர் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். "இது என்ன வூடா, எலும்பு முறிஞ்ச ஆளா? கட்டுப் போட்டு நிறுத்தியிருக்கீங்க" என்றார்.

"ஐயா, இந்த வாசல்ல யாரும் வரக் கூடாதுங்க" என்றார் முட்டு சார். "பின்னால மாட்டுக்கொட்டாய் வழியா வாங்க."

சம்பந்தியை மாட்டுக்கொட்டாய் வழியாக அழைக்கிற வீடு எங்காவது உண்டா? பெரியப்பா வேன் பக்கம் திரும்பினார். "வண்டிய எடுறா" என்றார். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

முட்டு சார் ஓடிப்போய் வேனுக்கு முன்னால் கை கூப்பி நின்றார்.

"காலேஜ் முடிச்ச புதுசுல எங்க அக்கா வூட்டுக்கு நான்தாங்க பால்கனி போட்டேன். கான்கிரீட் கொட்டறப்ப ஆளுங்க கம்பிய மிதிச்சுக் கீழ எறக்கிட்டாங்க. நான் நிழல்ல உக்காந்து மோர் குடிச்சிட்டிருந்தேன். முட்டு எடுத்த அன்னிக்கி, அக்கா அதுக்குக் கீழ துணி காயப் போட்டுட்டு இருந்தா."

பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "செத்துப்போச்சா?"

"இல்லீங்க. ஒரு கால் போச்சு. இன்னிக்கும் நான் போனா நொண்டிக்கிட்டே வந்து காபி குடுக்கறா. ஒரு வார்த்த திட்டினதில்ல. திட்டிட்டான்னா தேவலாமுங்க. அவ மூஞ்சியப் பாக்க முடியல." அவர் பார்வை தரையை விட்டு எழவில்லை. டீக்கடையில் ஊரையே வெட்கப்பட வைத்த மனிதர், வெட்கத்தில் தோள் குறுகி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்க வூட்லயும் மாடு இருக்குது. வாங்கடா" என்றார்.

பேண்டு செட் முன்னால் வாசித்துக்கொண்டு போக, மாடு மிரண்டு கயிற்றை இழுக்க, சம்பந்தி ஊர்வலம் மாட்டுக்கொட்டாய் வழியாக உள்ளே வந்தது. என் கணவரை முதன்முதலாக நான் நிமிர்ந்து பார்த்தபோது, அவர் ஒற்றைக் காலில் நின்று ஷூவிலிருந்த சாணத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பந்தல்கால்கள் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றன. அப்புறம் முட்டு சாரே வந்து எடுக்கச் சொன்னார். பால்கனி மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, எவ்வளவு இறங்குகிறது என்று கீழே படுத்து அளந்தார். கொஞ்சமாகத்தான் இறங்கியது. மூட்டைகளை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துகொண்டது.

"கம்பி மேலதாங்க இருக்குது!" என்று மேஸ்திரியைக் கட்டிக்கொண்டார்.

அப்பா இடுப்பில் கை வைத்தார். "அப்ப அன்னிக்கி என் மானத்த வாங்கினது சும்மாதானா?"

"பச்சக் கான்கிரீட்டுங்க, சொல்ல முடியாது. சும்மாவாவும் இருக்கலாமுங்க" என்று சிரித்தார் முட்டு சார். கண் கலங்கியிருந்தது. "சும்மாவா இருந்தா ரொம்ப சந்தோசமுங்க."

அப்பா உள்ளே போய், சாப்பிட இலை போடச் சொன்னார்.

அடுத்த வருஷம் முட்டு சாருக்கு மாற்றல் வந்தது. அந்த நாற்காலிக்கு வந்தவர் தங்கமான மனுஷர். எந்த வீட்டுக்குப் போனாலும் அண்ணாந்து பார்க்காமல் நேராக உள்ளே நுழைவார். பின்னாலேயே உள்ளே போக எங்களுக்குத்தான் பயமாக இருந்தது.