பெரிய கேமராவும் பெரியக்காவின் கண்களும்

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது.

இங்கே நானும் உன் சின்னக்காவும் சுகம். உன் சுகத்தையும், உன் அறைக் குழாயில் இப்போதாவது வெந்நீர் வருகிறதா என்பதையும் எழுதவும். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு படி. பயப்படும்படி ஒன்றும் இல்லை, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் கேமராவைப் பற்றி மட்டும் என்னால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் புகுந்து, “அத்தான், முதல்ல கேமராவுக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க” என்பாய், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் வரிசையாகவே வருகிறேன், நீயும் பொறுமையாகவே வா.

லிஃப்ட் சோதனை செய்தே தலை நரைத்தவன் நான். வேலையை விட்டு வந்த பிறகும், எந்த லிஃப்ட்டின் கதவு திறந்தாலும் உள்ளே தரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறேன். அப்படிப்பட்டவன் கையில், விடுமுறை முடிந்து கிளம்புகிற அன்று நீ அந்தக் கேமராவைக் கொடுத்தது ஒரு தப்பு. அதன் விலையைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அதோடு விட்டாயா, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “பூட்டி வச்சா லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிடும் அத்தான்” என்று வேறு சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து எந்தச் சுவரைப் பார்த்தாலும் எனக்குப் பூஞ்சையாகவே தெரிகிறது. காற்றுப் புகாத டப்பா ஒன்று வாங்கினேன். பிறகு செருப்புக் கடைக்குப் போய், புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுவதற்கு ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அது மட்டும் வேண்டும், செருப்பு வேண்டாம் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை உட்காரவைத்து, துணைக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று அன்பாக விசாரித்தார். கடைசியில் பொட்டலத்துக்காகவே உன் சின்னக்காவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கும்படி ஆயிற்று, அதுவும் அளவு சேரவில்லை. பொட்டலத்தைப் போட்டு மூடிய பிறகு, ரொம்பவும் காய்ந்துபோனால் கேமராவின் ரப்பர் வெடித்துவிடுமோ என்று புதுக் கவலை பிடித்துக்கொண்டது. திறந்தால் ஈரம், மூடினால் வெடிப்பு. பாதி நாள் அந்த டப்பாவின் மூடியிலேயே கழிந்தது. “நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்போ இத்தனை தடவை எட்டிப் பார்த்தீங்களா?” என்று உன் அக்கா கேட்டாள். மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று நான் இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இத்தனைக்கும் படம் எடுப்பதென்றால் எனக்கு உயிர். நீ சோப்பு டப்பா என்று கேலி செய்வாயே, அந்தச் சின்னக் கேமரா வேலைக் காலத்தில் லிஃப்ட்டின் கயிற்றையும் பிரேக்கையும் படம் பிடித்து மேலதிகாரிக்குக் காட்டுவதற்காக வாங்கியது. இரண்டு தடவை லிஃப்ட் குழிக்குள் விழுந்து எழுந்திருக்கிறது. பேட்டரி மூடி போய்விட்டது, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். சட்டைப் பையில் அது இருந்தால் எனக்கு நடை தானாக வரும். மாடிப்படியில் விரித்து வைத்த ஈரக் குடைகள், சலூனில் முகமெல்லாம் நுரையோடு தூங்கிப்போனவர், ஒற்றைச் செருப்போடு வீடு திரும்புகிற எதிர்வீட்டு வாத்தியார் என்று கண்ணில் பட்டதை எல்லாம் எடுப்பேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஓரத்தில் என் விரல் ஒன்று எட்டிப் பார்க்கும், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

உன் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதே தெருவில் போனேன். தூங்கிக்கொண்டிருந்த சலூன்காரர் எழுந்து தலை வாரிக்கொண்டார். மருந்துக் கடைக்காரர் வெளியே ஓடிவந்து, நடைபாதையில் நீட்டியிருந்த பலகையை உள்ளே இழுத்துவிட்டு, “சார், இன்னைக்கே எடுத்துடறேன், எழுதிடாதீங்க” என்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியும், எனக்கு மாத்திரை கொடுப்பவரே அவர்தான். வங்கி வாசல் காவலாளி என்னைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தார். நானோ ஒருவரையும் பார்க்கவில்லை. வார் அறுந்துவிடுமோ, சைக்கிள் இடித்துவிடுமோ, மேலே உட்கார்ந்திருக்கிற காக்கை சும்மா இருக்குமா என்று கேமராவையே பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஒரு படம் எடுக்கவில்லை. கழுத்து மட்டும் பிடித்துக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், வந்துதானே ஆக வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் உன்னை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்தோமே, அன்று சோப்பு டப்பாவில் நான் எடுத்த படம்தான் எல்லா வினைக்கும் காரணம். அதில் உன் சின்னக்கா மகாராணி மாதிரி நிற்கிறாள். பெரியக்கா கண்ணை மூடி, வாயைத் திறந்து, கொட்டாவிக்கும் தும்மலுக்கும் நடுவில் நிற்கிறாள். சின்னவள் தன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டினாள். பெரியவள் வந்து பார்த்துவிட்டு, வேண்டுமென்றே மாட்டியிருக்கிறாள் என்றாள். என் வீட்டுச் சுவர், என் ஆணி என்றாள் இவள். அன்றோடு பேச்சு நின்றது. மூட்டு வலி மாத்திரையிலிருந்து பல்செட் வரைக்கும் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ள வேண்டியதை எல்லாம் சகலையும் நானும்தான் போனில் பேசி மாய்ந்தோம். நீயும் போன மாதம் என்னைத்தான் பிடித்தாய். “பெரியக்கா கண் ஆபரேஷன் செக்கப்புக்கு அங்க வர்றாங்க. இந்தத் தடவை என் கேமராவுல, கண்ணு திறந்து, ரெண்டு பேரும் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து, அந்தப் பழசைக் கழட்டிடுங்க. சோப்பு டப்பாவைத் தொடவே கூடாது. உங்களால கெட்டது, நீங்கதான் சரி பண்ணணும்” என்றாய். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கினால்தானே.

பெரியக்காவும் சகலையும் நேற்று வந்தார்கள். காலையிலேயே படத்தைக் கழற்றிவிடலாம் என்றேன். “இப்போ கழட்டினா நான் தப்பு பண்ணின மாதிரி ஆயிடும், தொடாதீங்க” என்று சொல்லிவிட்டாள் உன் சின்னக்கா. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அதன் மேலேயே மாதக் காலண்டரை மாட்டினேன். நல்ல யோசனைதான், மின்விசிறியைத்தான் மறந்துவிட்டேன். விசிறி சுற்றினால் காலண்டர் எழும்பும், பெரியக்கா கொட்டாவி விடுவாள், காலண்டர் விழும். விசிறியை அணைத்தேன். சகலைக்கு வேர்த்தது, எழுந்து போட்டார். நான் போய் அணைத்தேன். அவர் மறுபடியும் போட்டார். இந்த மனிதருக்கு ஒரு குறிப்புக் காட்டினால் புரியாதா?

பெரியக்கா ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு வந்து சோபாவின் அந்த முனையில் உட்கார்ந்தாள். உன் சின்னக்கா இந்த முனையில். இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்ட் போல நடுவில் சகலை. படம் எடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். “தாராளமா எடுங்க தம்பி. இப்போ என் கண்ணு மூடியிருந்தாலும் வெளியில தெரியாது. சிலருக்கு ஏமாத்தமா இருக்கும், அவ்வளவுதான்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவரில் அந்தச் சமயம் பார்த்துக் காலண்டர் எழும்பியது.

ஸ்டாண்டை விரித்து உன் கேமராவை ஏற்றினேன். நானும் படத்தில் இருக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்ததால், தானாகப் படம் எடுக்கிற ஏற்பாட்டைத் தேடினேன். அது என்ன கேமராவா, அரசாங்க அலுவலகமா? ஒன்றைத் தொட்டால் ஒன்பது திறக்கிறது. கடைசியில் கடிகாரம் மாதிரி ஏதோ தெரிந்தது. அதைத் தொட்டு, சரியா சரியா என்று அது கேட்ட இடத்தில் எல்லாம் சரி என்றேன். சிவப்பு விளக்கு சிமிட்டியது. ஓடிப்போய், தரை விரிப்பில் கால் தடுக்கி, சோபாவின் கைப்பிடியில் விழுந்து, சிரித்தேன். படம் விழுந்தால் ஒரு சத்தம் கேட்க வேண்டும் இல்லையா? கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சிரித்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன், விளக்கு சிமிட்டுகிறது, சத்தம் இல்லை. திரும்பி வந்து சிரித்தேன். மறுபடியும் போய் அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. “வந்துடுச்சா?” என்று சகலை கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, வண்டிக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாள்.

இன்றைக்கு விட்டால் இந்த இரண்டு பேரும் இனி எந்தக் காலத்தில் ஒரே சோபாவில் உட்காரப் போகிறார்கள்? தொடவே கூடாது என்று நீ சொன்னது எல்லாம் மறந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்து சோப்பு டப்பாவை உருவினேன். முன்னால் ஸ்டாண்ட் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் சோபாவுக்குப் பக்கவாட்டில் நின்று குனிந்தேன். அங்கேதான் தொழில் புத்தி காலை வாரிவிட்டது. லிஃப்ட் குழிக்குள் எட்டிப் படம் எடுப்பதற்கு முன்னால் நாங்கள் குரல் கொடுத்துக் கேட்டாக வேண்டும், அது விதி. சோப்பு டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கினால் என் வாய் தானாகத் திறந்துவிடும். கட்டிடமே கேட்கிற மாதிரி சோபாவைப் பார்த்துக் கத்தினேன்.

“உள்ள யாரும் இல்லையே?”

சகலை பயந்துபோய், “நாங்க இருக்கோமே” என்றார். உன் சின்னக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. “அக்கா, இவரு பாத்ரூம் கதவைத் தட்டினாக்கூட இப்படித்தான் கேப்பாரு” என்றாள். அக்கா என்றாள், கவனித்தாயா, நான்கு வருஷத்துக்குப் பிறகு. “நல்ல வேளை, ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது கேக்கலையே” என்றாள் பெரியவள். “யாரு சொன்னா, அதுக்கும் கேப்பாரு” என்றாள் இவள். கிளம்ப எழுந்த பெரியக்கா அப்படியே சோபாவில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். நான் அழுத்தினேன். மச்சான், அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது, உன்னிடம் சொல்வதில் வெட்கம் இல்லை.

வண்டி போய்விட்டது, பெரியக்கா போகவில்லை. அதன் பிறகுதான் உன் கேமராவின் ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் விளக்கு அணைந்திருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மூச்சுப் பேச்சில்லை. நான் திட்டியது தாங்காமல் போய்விட்டதோ, செருப்புப் பொட்டலம் குடித்துவிட்டதோ, தெரியவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில், ஒரு நப்பாசையில், இரண்டு கேமராவின் கார்டுகளையும் ஸ்டுடியோவில் கொடுத்து வந்தேன். சற்று முன் ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். “ரெண்டு கார்டுலயும் சேர்த்து ஒண்ணுதான் சார் தேறுது. ஆனா அருமையா வந்திருக்கு. ரெண்டு அம்மாவும் கண்ணைத் திறந்து அப்படிச் சிரிக்கிறாங்க” என்றார். வாங்கி வர இரண்டு பேரும் ஒன்றாகவே போயிருக்கிறார்கள், ஒரே குடையில்.

இப்போது நான் கேட்கிறேன், உன் கேமரா எதற்கு? அத்தனை விலை, அத்தனை பொத்தான், அவசரத்துக்கு ஒரு படம் எடுக்கத் தெரிந்ததா? சிமிட்டிக்கொண்டு நின்றது. நீ இளக்காரமாகப் பேசிய சோப்பு டப்பாதான் ரப்பர் பேண்டோடு வந்து குடும்பத்தைச் சேர்த்து வைத்தது. அதனால், இறந்ததோ இருக்கிறதோ, உன் கேமராவை எப்போது வந்து எடுத்துப் போகிறாய் என்று உடனே எழுது. என் நெஞ்சு தாங்காது. என் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது, ஆனால் இந்த விலையுள்ள சாமானை இனி என் பொறுப்பில் வைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்தக் கதவு திறந்தாலும் உள்ளே பார்த்துவிட்டுக் காலை வை. உன் இரண்டு அக்காமாரின் ஆசிகளும் நான்கு வருஷத்துக்குப் பிறகு ஒரே உறையில் வருகின்றன, பத்திரமாக வாங்கிக்கொள்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். மேலே எழுதியதில் பாதியை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். உன் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சார்ஜ்தான் தீர்ந்திருக்கிறதாம், ஸ்டுடியோக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். லிஃப்ட் நின்றால் முதலில் கரண்ட் இருக்கிறதா பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். நான் சரி சரி என்று தொட்டதில், அது சத்தம் போடாமல், விட்டு விட்டுத் தானாகவே படம் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் தடுக்கி விழுந்தது, கும்பிட்டது, திட்டியது எல்லாம் அந்தக் கார்டில் வரிசையாக இருக்கிறதாம். ஸ்டுடியோவில் இரண்டு பேரும் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். தேறிய அந்த ஒரு படமும் உன் கேமரா எடுத்ததுதான். சோப்பு டப்பாவின் கார்டில் என் கட்டைவிரல் மட்டும், ரேகையோடு தெளிவாக இருக்கிறது. ஆகவே கேமராவைத் திரும்ப எடுத்துப் போக அவசரப்பட வேண்டாம்.

படத்தில் உன் அக்காமார் இரண்டு பேரும் கண்ணைத் திறந்து அழகாகச் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஒருவன் சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாயை லிஃப்ட் கதவு மாதிரி திறந்து வைத்திருக்கிறான். பழைய படத்தை உன் சின்னக்காவே கழற்றிவிட்டாள். அதே ஆணியில் இதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று, பெரியக்கா தன் வீட்டு ஹாலுக்கும் ஒன்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். காலண்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், காணவில்லை. கேட்டால் இரண்டு பேரும் ஒரே குரலில் தெரியாது என்கிறார்கள்.