வலைக்கு வயது மூன்று

குடிமக்களின் கணக்கு வழக்குகளில் தெளிவை உண்டாக்கும் உயரிய நோக்கத்தோடு, பொன்னேரியில் ஒரு மளிகைக் கடை மாடியில் கடலோரக் கணக்குத் தெளிவு அலுவலகம் திறக்கப்பட்டது. திறந்த அன்றே ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். படகுத் தொழிலுக்குக் கடன் வேண்டுவோர் தங்கள் கணக்கைச் செயற்கை நுண்ணறிவோடு இணைத்துக்கொள்ள வேண்டும். இணைக்காத கணக்கு கணக்காகக் கருதப்படமாட்டாது.

எனக்குக் கடன் வேண்டியிருந்தது. என் ஃபைபர் படகின் இன்ஜின் புரட்டாசியில் செத்துப்போனது. ஐப்பசி மழையில் முகத்துவாரம் உடைந்து பழவேற்காடு ஏரிக்குள் இறால் ஏறும்போது, இன்ஜின் இல்லாதவன் கரையில் நின்று அடுத்தவன் கூடையை எண்ணலாம், அவ்வளவுதான். புது இன்ஜின் ஒரு லட்சத்து இருபதாயிரம். மழைக்குள் வேண்டும்.

கணக்குக்கு எங்கள் வீட்டில் குறைச்சல் இல்லை. என் சம்சாரம் மனோரமா போனிலேயே எழுதி வைப்பாள். ஆப்பு கீப்பு ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்துதான். தேதி போட்டு, பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு வரி. இரண்டு பக்கமும் கூட்டினால் நேராக நிற்கும். ஒரு ரூபாய் உதைத்தாலும் அன்றைக்கு வீட்டில் குழம்பு கொதிக்காது.

பங்கையும் எங்கள் வழக்கப்படிதான் எழுதியிருந்தாள். மீன் விற்று, டீசல் செலவு கழித்து, மிச்சத்தை ஐந்தாகப் போடுவோம். ஏறிப்போன தசரதன், ரஞ்சித், வினோத் மூவருக்கும் ஆளுக்கு ஒன்று. படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. படகும் வலையும் என்னுடையவை, ஆகவே அந்த இரண்டும் எனக்கு வரும். நான் கடலுக்குப் போவதில்லை. ஏலத்தில் வியாபாரிகளோடு தொண்டை கிழியக் கத்துவது என் உத்தியோகம். இதெல்லாம் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் மனோரமா அதை எழுதவில்லை.

அலுவலர் சம்பந்தம் அந்தக் கணக்குக் கோப்பை வாங்கி, 'கணக்குத் தோழன்' என்ற அவர்கள் இயந்திரத்தோடு இணைத்தார். மூன்று வருஷக் கணக்கை அது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிட்டது. திரையில் வந்ததைப் படித்துவிட்டுச் சம்பந்தம் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க படகுல எத்தினி பேர் வேலை செய்றாங்க?"

"மூணு பேர் சார்."

"அஞ்சு பேர்னு தோழன் சொல்லுது. படகுன்றது யாரு?"

"படகு சார்."

"அவரு முழுப் பேரு?"

"சார், படகுன்னா படகு. தண்ணில மெதக்குமே, அது."

"கேளுங்க. 'படகு என்பவர் ஒழுக்கமான தொழிலாளி. மூன்றாண்டுகளில் ஒருமுறைகூட முன்பணம் கேட்டதில்லை. டீ, பீடி, குடி என எந்தச் செலவும் இல்லை. நீலமேகம் என்பவருக்கு வருமானம் ஏதுமில்லை. படகு, வலை ஆகிய இருவரின் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.'"

நீலமேகம் நான்தான். எனக்கு ஏறிவிட்டது. "எவன்யா உக்காந்து சாப்புட்றது? விடிகாலைல ஏலத்துல வந்து நின்னு பாரு, தெரியும்!"

"கத்தாதீங்க. கணக்கு ரெண்டு பக்கமும் நேரா நிக்குதா?"

"நிக்குது."

"நேரா நிக்கற கணக்கு எப்படிங்க பொய் சொல்லும்?"

மனோரமா குறுக்கே வந்தாள். "சார், எழுத்துதானே? படகுன்னு இருக்கற எடத்துல இவரு பேரைப் போட்டுடறேன். ரெண்டு நிமிசம்."

"இப்ப மாத்தினா அது மோசடிம்மா" என்றார் சம்பந்தம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வலை விசயம்தான் பெருசு. 2022 ஆடி மாசம், வலை வாங்கினது முப்பத்தெட்டாயிரம்னு எழுதியிருக்கீங்க. வாங்கினீங்களா?"

"வாங்கினோம்."

"வயசு மூணு. காசு குடுத்து வாங்கியிருக்கீங்க. விடிகாலை மூணு மணிக்கு வேலைக்கு அனுப்பறீங்க. இதுவரைக்கும் பதினாலு தடவை தையல் போட்டிருக்கு."

"கிழிஞ்சா தைக்க மாட்டாங்களா சார்!"

"இதை வாய்விட்டு வேற சொல்றீங்க" என்று சம்பந்தம் கதவைப் பார்த்தார்.

நான் முப்பது வருஷம் பேரம் பேசியவன். எதிராளி எதைப் பிடித்துத் தொங்குகிறானோ அதை விட்டுக்கொடுத்து, நமக்கு வேண்டியதைப் பிடிக்க வேண்டும். "சரி சார், வலையை விட்டுடறேன். படகை வச்சு முடிங்க" என்றேன்.

அவரும் இறங்கி வந்தார். வலையை இனி வேலைக்கு அனுப்பமாட்டேன் என்றும், அங்கன்வாடியில் சேர்த்துவிடுவேன் என்றும் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டார். எழுதும்போது மனோரமா என் தொடையைக் கிள்ளினாள். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. ஒரு லட்சத்து இருபதாயிரம், முழுசாக, படகின் பெயரில். வருமானம் உள்ளவருக்குத்தானே கடன்?

"பணத்தை எப்ப எடுக்கலாம் சார்?"

"படகு வாங்கி பதினோரு வருசம்னு கோப்புல இருக்கு. மைனர். பதினெட்டு முடியற வரைக்கும் பணம் எங்ககிட்டயே வைப்பா இருக்கும். நீங்க கார்டியன். வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டுங்க, ஒம்பது பர்சென்ட்."

"பதினெட்டு ரொம்ப ஜாஸ்தி சார். பதிமூணுன்னு வச்சுக்குங்க."

"சட்டத்துல பேரமா?"

"அப்ப வட்டியில கொறைங்க. நம்ம படகு இன்னா ஓடிப்போவப் போவுதா?"

முக்கால் மணி நேரம் போராடி எட்டரைக்குக் கொண்டுவந்தேன். ஜெயித்த களிப்போடு படி இறங்கினேன். கீழே மனோரமா நின்றிருந்தாள்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. அரை பர்சென்ட் கொறச்சுட்டேன்."

"இன்ஜினு?"

"ஏழு வருசம் கழிச்சு."

"ஏன்யா, ஃபைபரு அதுவரைக்கும் தாங்குமா? ஓட்டைப் படகுக்கு இப்பமே வட்டி கட்டப் போறியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழவேற்காடு வரைக்கும் பஸ்ஸில் மாச வட்டியை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஆனால் குப்பத்துக்குள் நுழைந்ததுமே ராஜவேலு ஓடி வந்தான். அவனுக்கும் ஒரு படகு, அவனுக்கும் ஆசை. "அண்ணே, லோன் கெடச்சுதாமே?"

"கெடச்சுது." பொய் இல்லை.

"நீ பேசினாத்தான் கெடைக்கும்ணே. எனக்கும் எழுதிக் குடு."

எழுதிக்கொடுத்தேன். விண்ணப்பம், படகின் வயதுச் சான்று, வலையின் அங்கன்வாடி உறுதிமொழி, எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் என்றேன். பேசிப் பேசி ஆயிரத்தைந்நூறில் படிந்தது. அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள், மொத்தம் முப்பத்தெட்டுப் படகு. மழைக்கு மூன்று நாள் முன்னால், எண்ணூரில் ஐம்பத்தேழாயிரத்துக்குப் பழைய இன்ஜின் ஒன்று எடுத்துவிட்டேன். இறாலும் மோசம் செய்யவில்லை.

முப்பத்தெட்டுப் படகுக்கும் கடன் அனுமதியானது. ஒன்றுகூடத் திருப்பிக் கட்டத் தவறவில்லை, ஏனென்றால் ஒருவரும் வாங்கவில்லை. சம்பந்தத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். குப்பத்திலிருந்து யாரும் புகார் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைத்துவிட்டது, நமக்குக் கிடைக்கவில்லை என்று எவன் வாயால் சொல்வான்?

போன வாரம் ராஜவேலு வந்து வாசலில் நின்றான். வட்டி கட்ட ஐயாயிரம் வேண்டுமாம்.

"குடுக்கலாம்டா" என்றேன். "ஆனா கோப்புல உனக்கு வருமானம்னு ஒண்ணும் இல்லையே. உன் படகை வரச் சொல்லு."

அவன் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "தள்றதுக்கு நாலு ஆள் வேணும்ணே" என்று சொல்லிவிட்டு, ஆள் கூப்பிடப் போனான்.