போர்டு மாமாவின் ஸ்பெல்லிங்

பெரியகுளம் முதல் கம்பம் வரை ஆங்கிலத்துக்கு நேர்ந்த அத்தனை கேட்டுக்கும் ஒரே ஆள்தான் காரணம். அவர் என் மாமனார். வெள்ளைக்காரன் போனபிறகு அவன் பாஷையைத் தனியாளாக நின்று பழிவாங்கியவர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது தொழில் என்பதால் ஊரே அவரைப் 'போர்டு' என்றது. வீட்டுக்கு வந்த மருமகள் நான் மட்டும் மரியாதைக்கு 'மாமா' சேர்த்துக்கொண்டேன்.

எழுத்து என்னவோ முத்து முத்தாக இருக்கும், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் கரை கட்டி, நிழல் விழுகிற மாதிரி தீட்டுவார். என்ன, ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நிற்கும். 'ஃபேன்சி'யில் 'சி' வரவேண்டும் மாமா, நீங்கள் 'எஸ்' போட்டிருக்கிறீர்கள் என்றால் சிரிப்பார்.

"'சி'க்கு 'க' சத்தமும் இருக்குல்ல தாயி. எவனாச்சும் 'ஃபேன்கி'ன்னு வாசிச்சுட்டா? எஸ்ஸுதான் நாணயமான எழுத்து."

நான் ஆங்கில டீச்சர். தொண்ணூற்றெட்டில் கல்யாணமாகி அல்லிநகரம் வந்தபோது பீரோ, கட்டில், கிரைண்டரோடு ஒரு ஸ்கிராபிள் பெட்டியையும் கொண்டுவந்தேன். எழுத்துக் காய்களைக் கோத்து ஆங்கிலச் சொல் அமைக்கிற ஆட்டம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பாயின்ட் உண்டு. கையிலிருக்கும் ஏழு காயையும் ஒரே சொல்லில் இறக்கிவிட்டால் கூடுதலாக ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்ட கையோடு நான்கு பேரும் வட்டமாக உட்காருவோம். என் வீட்டுக்காரர், நான், மாமா, அவருக்கு அடுத்து அத்தை.

முதல் வாரமே 'பேக்கரி'யை 'கே'க்கு அடுத்து 'ஏ' போட்டு இறக்கினார். அங்கே 'இ' வரவேண்டும் என்றேன்.

"தேவதானப்பட்டியில வந்து பாரு. போர்டே இருக்கு."

"அது நீங்க எழுதின போர்டு மாமா!"

"நான் எழுதுனா என்ன? ஊரே அங்கனதான ரொட்டி வாங்குது?"

விட்டாரா? உச்சிவெயிலில் மொபெட்டில் உட்காரவைத்து தேவதானப்பட்டிக்கே கூட்டிப்போய்விட்டார். ஆளுயரத்துக்கு 'ஏ' நின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் என் கையில் ஒரு பன்னைக் கொடுத்து, "போர்டைப் பாத்துத்தான் யாவாரமே ஓடுது தாயி" என்றார். பன்னைத் தின்றுவிட்டு எந்த வாயால் தப்பு என்பது? திரும்பி வந்து பாயின்ட் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிக்ஷனரிக்கு வேலை இல்லை. போர்டில் இருந்தால் அது சொல்.

மனுஷன் அதோடு நின்றாரா? ஒருநாள் 'ஜீப்'பை 'இசட்' போட்டு இறக்கினார்.

"மாமா, ஜீப்புக்கு 'ஜே'!"

"ஜேக்கு எட்டுதான தாயி? இசட்டுக்குப் பத்து."

"எந்தப் போர்டுல இருக்கு?"

"அடுத்த வாரம் காமிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு ஜெயமங்கலத்தில் ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப்பின் நெற்றியில் பெயிண்ட் வாசம் போகாத புது போர்டு. முதல் எழுத்து இசட். மெக்கானிக் பூரித்துப்போய் நின்றார். "நான் கேக்கவே இல்லைங்க. போர்டு அவுகளா வந்து ஓசியில எழுதித் தந்தாக!"

இந்த அநியாயம் எங்காவது உண்டா? அவர் இறக்கின சொல்லுக்காக ஒரு கிராமத்தின் ஜீப்பையே பலிகொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்த விதிமுறைத் தாளை எடுத்து உரக்க வாசித்தேன். ஒரு சொல்லைத் தப்பென்று சேலஞ்ச் செய்வதானால் அடுத்த ஆள் காய் வைப்பதற்குள் செய்யவேண்டும், அங்கேயே அப்போதே தீர்ந்துவிடும். போர்டு, மொபெட், ஜெயமங்கலம் எதுவும் செல்லாது.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். மாமாவுக்கு அடுத்து ஆடுவது அத்தை என்பது உறைக்கவில்லை. அத்தைக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமே 'இன்', 'அட்', 'நோ'. மாமா கடைசிக் காயிலிருந்து விரலை எடுப்பதற்குள் அத்தை 'இன்'னைப் பொத்தென்று வைத்துவிடுவார். நான் வாயைத் திறந்தால், "நேரம் தாண்டிருச்சு தாயி" என்பார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து ஆங்கிலத்தை உயிரோடு புதைத்தார்கள்.

இப்படியே சிரித்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து ஆங்கில டியூஷன் சென்டர் ஆரம்பிக்க முடிவெடுத்தேன். இனி அதுதான் என் பிழைப்பு. ஆங்கிலம் சொல்லித்தரும் இடத்தின் வாசலிலேயே ஆங்கிலம் தப்பாக இருந்தால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? வெளியாளை வைத்து போர்டு எழுதலாமா என்று வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அதுக்கு நீ அப்பாவ வீட்ட விட்டுப் போகச் சொல்லிரலாம்" என்றார்.

ஆகவே ஆட்டத்தில் பந்தயம். நான் ஜெயித்தால் நான் எழுதிக்கொடுக்கிற ஸ்பெல்லிங். அவர் ஜெயித்தால் அவர் ஸ்பெல்லிங். மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசி வரை நான்தான் முன்னால் இருந்தேன். அப்போது மாமா காய்களை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். டி, யூ, ஐ, எஸ், ஐ, ஓ, என். நடுவிலிருந்த எஸ் ஏற்கெனவே கிடந்த ஒரு சொல்லின் வாலில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. ஏழு காயும் காலி. 'டியூஷன்'! அத்தனை வருஷத்தில் அவர் பார்த்தே இராத ஐம்பது. வெறுங்கையை விரித்துக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை கையில் காயை எடுத்தார். வைக்கவில்லை. முந்தானையில் துடைத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடி, வையி!" என்றார் மாமா.

"யோசிக்க வேணாமா?" என்ற அத்தை என்னைப் பார்த்தார். "நேரம் இருக்கு தாயி."

"சேலஞ்ச்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "நாலாவது எழுத்து எஸ் இல்ல மாமா. டி."

மாமா ஏழு காயையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார். ஜெயமங்கலத்தைக் காட்டி ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சொன்ன சொல் மாறாமல் எழுதினார். நான் ஏணிக்குக் கீழே நின்று ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன், 'டியூஷனை' இரண்டு தடவை. எல்லாம் சரி. "அடியில தமிழ்ல ஒரு வரி போட்டுக்கிறட்டுமா தாயி?" என்றார். தமிழ்தானே, போடுங்க மாமா என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் பார்க்கிறேன். பளபளவென்று நிற்கிறது: 'ஆங்கிலம் பேசப் பளகலாம்'.

எங்கள் ஊர் வாயில் 'ழ' நுழையாது. பளகுவோம், பளம் தின்போம், மளை பெய்யும். மனுஷன் வாயில் வந்ததை அப்படியே எழுதிவிட்டார். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் என்னவோ கூட்டமாக வந்தார்கள். ஆங்கிலத்தில் தப்பென்றால் மானம் போகும், தமிழில் தப்பென்றால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். அதில் ஒரு சௌகரியம்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு தமிழ் வாத்தியார் அவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது, வாசலில் ஏணி சாத்துகிற சத்தம். வெளியே வந்தால், கையில் பிரஷ்ஷோடு மாமா மேலே நிற்கிறார். ஏணி ஆடுகிறது.

"இறங்குங்க மாமா!"

"அங்கன 'ழ' வரணுமாம்ல தாயி. நீ ஏன் இம்புட்டு நாளாச் சொல்லல?"

"இனிமே மாத்த முடியாது மாமா. நேரம் தாண்டிருச்சு."

மாமா பிரஷ்ஷைப் பிடித்தபடி யோசித்தார். பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது.

"அப்ப செல்லும்ங்கிற?"

"செல்லும்."

"எம்புட்டு?"

ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அம்பது, மாமா."