அவன் சொல்லட்டும்

மனிதர்களை எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். உயரத்தை வைத்துப் பிரிக்கலாம், குறட்டையை வைத்தும் பிரிக்கலாம். என் கணக்கில் வகை இரண்டுதான். 'போதும்' என்று வாயைத் திறந்து சொல்லிவிடுகிறவர்கள் ஒரு வகை. பக்கத்தில் இருப்பவன் சொல்லட்டும் என்று காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கிவிடுகிறார்கள். இரண்டாம் வகைதான் நம் ஆள்.

நம் ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் வழியாக ஊசிக் காற்று வந்து காதைக் குத்தினாலும் எழுந்து மூட மாட்டார். மற்றவர்கள் சும்மா இருக்கும்போது தான் மட்டும் என்ன இளைத்தவனா என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். சினிமா ஆரம்பித்ததுமே கொட்டாவி வந்துவிடும்; ஆனால் கூட வந்தவர் எழுந்தால் எழலாம் என்று உட்கார்ந்திருப்பார். கூட வந்தவரும் அதே இனமா? தீர்ந்தது. தியேட்டர்காரர் விளக்கைப் போட்டு விரட்டும் வரை இரண்டு பேரும் கலையை ரசித்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, அப்படிப்பட்ட இரண்டு பேர் குளிர்காலத்தில் மலையேறப் போனால்? நடந்ததையே சொல்கிறேன். இருவருடைய மனைவிமாரும் தனித்தனியாக என்னிடம் கொட்டித் தீர்த்த கதை இது.

ஒருவர் பல் டாக்டர். மற்றவர் லிஃப்ட் மெக்கானிக். பள்ளியில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த நாளிலிருந்து சிநேகிதம். டாக்டர் தன் நாற்காலியில் சாய்கிற ஒவ்வொருவரிடமும், "வலிச்சா உடனே கையத் தூக்கிடுங்க, பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்பார். ஊருக்குத்தான் உபதேசம். மெக்கானிக்கோ நாளெல்லாம் மேலே போகிறவர், கீழே வருகிறவர். ஆனால் எல்லாம் பொத்தானை அழுத்தித்தான்.

ஒரு மாலை டீ குடிக்கும்போது, பேச்சுக்குப் பேச்சாக டாக்டர் சொன்னார்: "குளிர் நாள்ல மலையில நடந்தா நுரையீரலுக்கு ரொம்ப நல்லதாம்டா."

மரியாதைக்காக மெக்கானிக் சொன்னார்: "அப்ப ஒரு நாள் போயிட வேண்டியதுதான்."

அவ்வளவுதான். ஒரு பேச்சும் ஒரு மரியாதையும் முட்டிக்கொண்டதில் ஒரு பயணம் பிறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஜன்னல் கண்ணாடியில் உறைபனி சுண்ணாம்பு அடித்திருந்தது. டாக்டர் போர்வைக்குள் இருந்தபடியே போன் போட்டார். இந்தக் குளிரில் வேண்டாம் என்று அவன் சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கை.

"என்னடா, கிளம்பிட்டியா?"

"நானா? எப்பவோ ரெடி. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார் மெக்கானிக், தன் போர்வைக்குள் இருந்து.

"குளிர் கொஞ்சம் இருக்கும் போலிருக்கே."

"ஏன், உனக்குக் குளிருதா?"

"சேச்சே! உனக்காகக் கேட்டேன்."

பஸ்ஸை விட்டு இறங்கி, ஊருக்குப் பின்னாலிருக்கும் குன்றின் பாதையில் இருவரும் கால் வைத்தார்கள். புல்லெல்லாம் வெள்ளை பூத்து, மிதித்த இடமெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டரின் புது பூட்ஸ் பஸ் நிறுத்தத்திலேயே குதிகாலைக் கடிக்கத் தொடங்கியிருந்தது. மெக்கானிக்கின் இடது முழங்கால், வருகிற வழியிலிருந்த முதல் மேட்டிலேயே தன் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டது. சொன்னார்களா? கேள்வியா இது?

நம் ஆட்களுக்கு இதற்கென்றே சில உபாயங்கள் உண்டு. மூச்சு வாங்கினால் இயற்கையை ரசிப்பது. கால் வலித்தால் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுவது. டாக்டர் கட்டிய கயிற்றையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். மெக்கானிக் நின்ற இடத்தில் நின்று, "அங்க பாரேன், என்ன அழகு!" என்று கையை நீட்டினார். டாக்டர் பார்த்தார். மூடுபனி. பால் சட்டிக்குள் தலையை விட்டதுபோல எங்கும் வெள்ளை. "அடடா!" என்றார் டாக்டர், மனதார. நிற்கக் கிடைத்ததே, அது அழகில்லையா?

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு பலகை இருந்தது. வலப்பக்கம் உச்சி, இடப்பக்கம் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம். இரண்டே வரி. அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல இருவரும் படித்தார்கள்.

"உனக்கு எப்படி?"

"எனக்கென்ன? உன் இஷ்டம்."

"இல்லடா, உன் இஷ்டம்."

இரண்டு இஷ்டமும் சேர்ந்து, யாருக்கும் இஷ்டமில்லாத வலப்பக்கம் திரும்பின.

எதிரே ஒரு பெண்மணி நாயோடு இறங்கி வந்தார். "சார், மேல ஒண்ணும் தெரியல. காத்து வேற ஆளைத் தள்ளுது. பேசாம திரும்பிடுங்க."

தெய்வமே நாயைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து சொன்ன மாதிரிதான். ஒரு தலையாட்டல் போதும்; யாருடைய மானமும் போகாது. மெக்கானிக் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"பரவாயில்லைங்க, எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

நாய் மட்டும் கொஞ்ச நேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதாம்.

அதற்கு மேல்தான் விளையாட்டு வினையானது. நீர் கசிந்து உறைந்திருந்த ஒரு பாறை மேல் மெக்கானிக் கால் வைத்தார். மறுகணம் காலைக் காணோம், ஆள் தரையில். பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழ முயன்றபோது அந்த முழங்கால் மடங்க மறுத்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இங்க உட்கார்ந்து டீ குடிச்சா நல்லாருக்கும்னு நானே நினைச்சேன்" என்றார்.

டாக்டர் பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தார். மூடியைப் பிடித்த மெக்கானிக்கின் விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. டீ பாதி கையில் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அந்த மனிதர் கையெடுக்கவில்லை, வெள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வலியில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற முகங்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர் டாக்டர். அவருக்கு அந்தச் சிரிப்பு தெரியாதா? இவன் இப்படியே சிரித்துக்கொண்டே இந்தக் காற்றில் விறைத்துப்போவான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து 'என்ன அழகு' என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

"போதும்டா" என்றார். "என்னால முடியல. திரும்பலாம்."

மெக்கானிக் மீதி டீயைக் குடித்து மூடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பெருந்தன்மையோடு, "உனக்கு முடியலைன்னா சரி. உனக்காக வரேன்" என்றார்.

டாக்டர் குனிந்தார். பூட்ஸைக் கழற்றினார். குதிகால் பக்கம் சாக்ஸ் சிவந்து ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தார். தன் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். அது பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது.

"எப்பலேருந்துடா?"

"முதல் மேட்டுலேருந்து. உனக்கு?"

"பஸ் ஸ்டாப்லேருந்து."

முதலில் சிரித்தது யார் என்பதில் மட்டும் இரு வீட்டுக் கதையும் ஒத்துப்போகவில்லை. ஆனால் சிரித்தார்கள், பாறை மேல் உருளாத குறையாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவித்த முட்டையை உரித்து ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். டாக்டர் தன் மஃப்ளரை எடுத்து முழங்காலைச் சுற்றிக் கட்டினார். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஆளுக்கு ஒரு நல்ல காலோடு, நொண்டி நொண்டி இறங்கினார்கள். அப்போதுதான் ஒரு மரங்கொத்தியைப் பார்த்தார்கள். ஓடையின் ஓரத்தில் பனி கண்ணாடி வளையல்போல உறைந்திருந்ததைப் பார்த்தார்கள். காலையிலிருந்து இதெல்லாம் அங்கேதான் இருந்தது.

பாதி வழியில் மூடுபனி கலைந்து வெயில் வந்தது. திரும்பிப் பார்த்தால், உச்சி! அவர்கள் உட்கார்ந்திருந்த பாறையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அங்கே யாரோ பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் பார்த்தார்கள். வெகுநேரம்.

"பஸ் வந்துடும்" என்றார் ஒருவர்.

"ஆமா, வந்துடும்" என்றார் மற்றவர்.

அன்று மாலை டாக்டரின் குதிகாலுக்கு மருந்து போட்டபடி மனைவி கேட்டார்: "பஸ் ஸ்டாப்லயே கடிச்சுதுன்னா அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் சொல்லலையே!"

மெக்கானிக் வீட்டில் வெந்நீர் ஒத்தடம் நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் அதே கேள்விதான், அதே பதில்தான். சற்று நேரத்தில் இரண்டு பெண்களும் போனில் பேசிக்கொண்டார்கள். "உங்க அண்ணன் என்ன சொன்னாருன்னா..." என்று ஒருவர் ஆரம்பித்ததுதான் தாமதம், அப்புறம் போனில் சிரிப்பு மட்டும்தான்.

பாவம், என்ன மனிதர்கள் என்று நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். பேச்சு எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள் இரண்டு முறை கொட்டாவியை மென்று விழுங்கினார். நீங்கள் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தீர்கள், அவர் உங்களைப் பார்த்தார். பிறகு இருவருமாக, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படத்தை மறுபடியும் ரசிக்க ஆரம்பித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?