மாமனாருக்கு வாங்கின வவ்வால் மீன்

அன்னைக்கி எனக்கு இருந்த வேல மீன் வாங்குறது. அவ்வளவுதான்.

எம்பதுகள்ல நடந்த கதை. எஸ்டேட் லயத்துல, வரிசை வீட்டுல ஒன்னுல, எங்களுக்குப் புதுக் குடித்தனம். மாமனாரு மொத மொறையா மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றாரு. பொண்ணு பாக்கப் போன எடத்துல நான் பொண்ண விட்டுட்டு செவுத்துக் காலண்டர படிச்சிக்கிட்டு நின்னதுலேர்ந்தே அவருக்கு என்னப் புடிக்காது. "இவனா சோறு போடப் போறான்?"னு கேட்டிருக்காரு. "போடுவாரு"ன்னு அடம் புடிச்சிக் கட்டிக்கிட்டவ என் பொண்டாட்டி சரசு.

"கோலசிலாங்கூர் மார்க்கெட்ல வவ்வால் மீன் வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. எங்கப்பா முன்னாடி என் மானத்த கப்பலேத்திடாதீங்க!"

மீன வாங்கிட்டேன். மீன்காரரு பழைய தமிழ்ப் பேப்பர ரெண்டா கிழிச்சி, ஒரு பாதியில என் மீனையும், மறுபாதியில பின்னால நின்ன மாரியாயி அக்கா மீனையும் சுத்திக் குடுத்தாரு. அக்காவும் எங்க லயம்தான். ஒன்னாத்தான் பஸ் ஏறினோம்.

ஒக்காந்து பாக்குறேன், பொட்டலத்துல ஒரு கதை!

நான் வேகமா படிக்கிற ஆள் இல்ல. ஒரு வரி படிச்சா, அந்த ஆளு எப்படி நின்னிருப்பான், என்ன சட்ட போட்டிருப்பான்னு கண்ண மூடிப் பாத்துட்டுத்தான் அடுத்த வரி. நல்லி எலும்ப யாராவது முழுங்குவாங்களா? உறிஞ்சணும்யா!

"அவன் கதவைத் திறந்தான். உள்ளே..." அங்க கிழிஞ்சிருச்சி.

"அக்கா, உங்க பொட்டலத்த குடுங்களேன்."

"என் மீனையா கேக்குற?"

"மீன் வேணாக்கா. கடுதாசி!"

அக்கா தலையில அடிச்சிக்கிட்டு மாத்திக்கிட்டாங்க. என் பாதி அவங்க மீனுக்குப் போச்சி. அவங்க பாதி என் கையில. என் வவ்வால் மீன் என் மடியில, அம்மணமா.

எங்க எஸ்டேட் முக்கு வந்துச்சி. "தம்பி, எறங்கலயா?"

"இந்த வரி முடிஞ்சதும் எறங்குறேங்க்கா."

"அண்ணே, கடைசி ஸ்டாப்பு, தஞ்சோங் காராங் வந்தாச்சி லா!"ன்னு கண்டக்டர் தட்டினப்பதான் நிமிர்ந்தேன்.

திரும்பிப் போற பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மீன பெஞ்சில வச்சிட்டு, மிச்சக் கதைய எடுத்தேன். பக்கத்துல என்னமோ சத்தம். கதையில நல்ல எடம், விட மனசில்ல. முடிச்சிட்டுத் திரும்பினா, ஒரு பூன மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு இருக்கு. பெஞ்சில வாலு மட்டும்!

பாவம் சரசு!

வீட்டுல மாமனாரு தட்டு முன்னாடி ஒக்காந்திருந்தாரு. லோரி ஓட்டுற மனுஷன். எதுலயும் அவசரம். நான் தாலி கட்டுறதுக்குள்ள "பந்தி எப்ப?"ன்னு கேட்டவரு.

"மீன் எங்க மாப்ள?"

"பூன தின்னுருச்சி மாமா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கதை... படிச்சிக்கிட்டு இருந்தேன்."

சரசு கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சி. மாமனாரு என் கையிலேர்ந்து கடுதாசியப் புடுங்கினாரு.

"அப்பிடி என்ன பெரிய கதை?"

நின்னுக்கிட்டே பாத்தாரு. அப்புறம் ஒக்காந்தாரு. வெரல எழுத்துக்குக் கீழ வச்சி, உதட்ட அசைச்சி, மெதுவ்வா படிச்சாரு.

"இவன் ஏன் மாப்ள அழுவுறான்? முன்பாதி எங்க?"

"மாரியாயி அக்கா வீட்டுல."

செருப்பக் கூட மாட்டாம ஓடினாரு! முன்பாதியோட வந்து என்ன ஒட்டி ஒக்காந்தாரு. எனக்கே பொறுமை போயிருச்சி. "மாமா, அடுத்த வரிக்குப் போலாமா?"

"இருங்க மாப்ள, என்ன அவசரம்? இப்பத்தான கதவத் தொறக்குறான்!"

சோறு ஆறிப் போச்சி. சரசு வந்தா. ரெண்டு பாதியையும் புடுங்கி, ஆளுக்கு ஒன்னா தட்டுல வச்சா.

"சாப்பிடுங்க ரெண்டு பேரும்!"

மாமனாரு என்னப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன்.

மீன் வாசம் நல்லாத்தான் இருந்துச்சி.