கிர்ணிப்பழ ஜூஸும் என் சம்மதமும்

கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் நான். அந்த நல்ல குணத்தால் (நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு) என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

பார்த்தீனியச் செடி பூத்தால் எனக்கு ஆகாது. காஞ்சிபுரத்தில் அது பூக்காத காலி மனை கிடையாது. அந்த மாதங்களில் மூக்கு ஒழுகும். கூடவே வெள்ளரி, வாழை, கிர்ணி என்று எதைப் பச்சையாகக் கடித்தாலும் வாய்க்குள் எறும்பு ஊரும். வீட்டில் யாரும் நம்பவில்லை. "பழம் துன்னா வாய் அரிக்குதாம், நல்லா கதை உடுறான்" என்று அம்மா முடித்துவிடுவாள்.

ஓரிக்கைக்குப் பெண் பார்க்கப் போன அன்று வழியெல்லாம் தும்மினேன். "அங்க வந்து அது வாணாம் இது வாணாம்னு சொல்லிக்கினு இருக்காத. அவங்க மனசு நோவும்பா" என்றாள் அம்மா.

பெண் கவிதா கொண்டுவந்தது கிர்ணிப்பழ ஜூஸ். பெரிய டம்ளர். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். (ஊசியை எங்கே குத்தலாம் என்று பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.) ஒரே மூச்சில் குடித்தேன். பிள்ளைக்குத் தாகம் போல என்று அவளுடைய அம்மா மறுபடி நிரப்பினார். அதையும் குடித்தேன்.

முதலில் அண்ணம் அரித்தது. நாக்கால் சொறிந்தேன். பிறகு நாக்கே அரித்தது. அதைச் சொறிய இன்னொரு நாக்குக்கு எங்கே போவது? உதடுகள் உப்பி, எனக்கு முன்னால் போய் நின்றன.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா, "பொண்ணப் புடிச்சிருக்குதா தம்பி? வாயத் தொறந்து சொல்லிடுங்க" என்றார்.

"புடிச்சிருக்கு" என்றுதான் சொன்னேன். தடித்த நாக்கு அதை "புளிச்சிருக்கு" ஆக்கிவிட்டது.

"காலைல வாங்குன பழம்மா!" என்று அவளுடைய அம்மா என் அம்மாவிடம் முறையிட்டார். அவளுடைய அப்பா ஜக்கில் மிச்சமிருந்ததைக் குடித்துப் பார்த்து, "நல்லாத்தான இருக்குது" என்றார் கடுகடுப்பாக. நான் பதறி எழுந்து, "ரொம்பப் புளிச்சிருக்கு!" என்று அழுத்தமாகச் சொன்னேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கவிதாதான் கிட்டே வந்தாள். "வாயத் தொறங்க. மூச்சு உட முடியுதா? தொண்டை அடைக்குதா?"

மூச்சு வருகிறது என்று சைகை காட்டினேன்.

"அலர்ஜிமா இவருக்கு. ஜூஸ கொறை சொல்லல" என்றவள், பட்டுச்சேலையோடு ஸ்கூட்டியை எடுத்து, என்னைப் பின்னால் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனாள். எங்கள் முதல் தனிமை. வழியெல்லாம் நாக்கால் அண்ணத்தைச் சொறிந்துகொண்டே போனேன்.

"மகரந்தத்துல இருக்கிற மாதிரியே ஒண்ணு இந்தப் பழங்கள்லயும் இருக்கு. உடம்பு ரெண்டையும் குழப்பிக்குது" என்றார் டாக்டர். "பச்சையா வேணாம். வேகவெச்சா பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. மூச்சு திணறினா மட்டும் உடனே ஓடி வரணும்."

மருந்தில் உதட்டு வீக்கம் வடிந்ததும், "இப்ப சொல்லுங்க" என்றாள் கவிதா. சொன்னேன். சரியாக வந்தது.

மாமியார் அந்த 'வேகவெச்சா'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாழைப்பழத்தை ஆவியில் அவித்தார். வெள்ளரியைக் கூட்டு செய்தார். தலைதீபாவளிக்குக் கிர்ணிக் குழம்பு வைத்தார். (அதைப் பற்றி எழுத முடியாது, இதை அவர் படிப்பார்.)

இன்றும் கல்யாணப் பந்தியில் என் இலைக்குப் பழம் வந்தால் போதும், மாமனார் எதிர் வரிசையிலிருந்து குரல் கொடுப்பார்: "அவருக்கு வேகவெச்சு எடுத்தாப்பா!" மொத்தப் பந்தியும் திரும்பிப் பார்க்கும். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் முதலிலிருந்து கதை சொல்வார்கள். கவிதா மட்டும் எதையும் கேட்காதவள் போல, என் இலைப் பழத்தையும் எடுத்து நிதானமாக உரித்துக்கொண்டிருப்பாள்.