காதுகுத்துக்கு வந்த தூண்டில்

ரீலின் கைப்பிடி அசைய மறுத்தது. அருள்முருகன் மொட்டை மாடியில் உட்கார்ந்து, தூண்டில் தடியை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து இன்னொரு முறை சுற்றிப் பார்த்தான். உள்ளேயிருந்து கொஞ்சம் சந்தனத் தூள் அவன் லுங்கியில் உதிர்ந்தது. அவ்வளவுதான்.

"இலக்கியா, இத என்ன பண்ணி வச்சிருக்க?"

கீழே துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வருசா வருசம் ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சேன். எங்க அண்ணன் குடுத்த பொருளாச்சே. நீங்கதான் அத ஏறெடுத்துப் பாக்கல, சாமியாவது பாக்கட்டும்னு வச்சேன்."

பொட்டு என்று அவள் சொன்னது சின்ன வார்த்தை. அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, மிக்சி இவற்றோடு அந்த ரீலையும் வரிசையில் உட்கார வைத்து, பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, பூவும் சுற்றியிருக்கிறாள். இந்த வருடம் எலுமிச்சம்பழம் வேறு பிழிந்திருக்கிறாள் போலிருந்தது, ஒரு விதை பல்சக்கரத்துக்குள் கிடந்தது.

அவளைத் திட்ட அவனுக்கு வாய் வரவில்லை. அந்தத் தூண்டில் மூன்று வருடமாகப் பரணில் கிடந்ததற்குக் காரணம் அவன் வாய்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, இலக்கியாவின் பிறந்த ஊரான சிதம்பரத்தில் மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் செந்தமிழ்செல்வன் அதற்காகவே சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். பட்டுப்பாவாடை, தோடு, பழத்தட்டு, வெல்லத்தட்டு என்று தாய்மாமன் சீர் மண்டபம் நிறைய வந்து இறங்கியது. கடைசித் தட்டில் ஒரு நீளப் பை. அதன் மேல் ஒரு பென்குயின் படம். செல்வன் அதை அவன் கையில் கொடுத்து, வெட்கமும் பெருமையுமாகச் சொன்னான்.

"இது ஒனக்கு மச்சான். கொடுவாத் தூண்டில். பத்து கட ஏறி எறங்கி, ஒன் கைக்குத் தோதா பாத்து எடுத்தேன்."

உப்பனாற்றில் கொடுவா மீன் பிடிக்க வேண்டும் என்பது இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேசி வந்த கனவு. பிடித்ததில்லை. பேசியதோடு சரி. அருள்முருகன் பையைப் பிரித்தான். ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பளபளவென்று தடி வெளியே வந்தது. சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"என்னா மச்சான், காதுகுத்துக்கு இம்மாம் நீள ஊசியா?"

மண்டபமே சிரித்தது. ஆசாரிகூட ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். செல்வன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் கறுத்துப் போனதை அருள்முருகன் பார்த்தான். பார்த்தும், கூட்டம் சிரித்துக்கொண்டிருந்ததால், தானும் சேர்ந்து சிரித்தான்.

அதோடு போயிற்று. செல்வன் போன் பண்ணுவதை நிறுத்தினான். லீவுக்கு வந்தாலும் சிதம்பரத்தோடு திரும்பினான். போன வருடம் மாமனார் இறந்தபோது, பாடைக்கு ஒரு பக்கம் இவனும் மறுபக்கம் அவனுமாகத் தூக்கிப் போனார்கள். சுடுகாடு வரைக்கும் ஒரு பேச்சு இல்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கலாம் கேட்கலாம் என்று நினைத்ததிலேயே நாள் போய், பிறகு கேட்பதற்கே வெட்கமாகிவிட்டது.

இப்போது தீபாவளி முடிந்த வாரம். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்தவனிடம் இலக்கியா சேதி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வருகிறான். அண்ணி லோகநாயகிதான் மல்லுக்கட்டி இழுத்து வருகிறாளாம்.

மன்னிப்பு கேட்க அருள்முருகனுக்குத் தெரியாது. ஆனால் ஒரு வழி தோன்றியது. அந்தத் தூண்டிலிலேயே ஒரு கொடுவாவைப் பிடித்துக் குழம்பு வைத்து, மச்சான் இலையில் போட்டுவிட வேண்டும். வாய் சொல்லாததை மீன் சொல்லிவிடும்.

அதற்குத்தான் சனிக்கிழமை காலை இந்தப் பாடு.

தடியைத் துடைக்கும்போது இன்னொன்றையும் கவனித்தான். ரீலின் கைப்பிடி வழக்கத்துக்கு மாறான பக்கம் இருந்தது. இடக்கையால் தடி பிடிப்பவனுக்கு வலக்கையால் சுற்றத் தோது. அருள்முருகன் நொட்டாங்கைக்காரன். அத்தனை கடையில் தேடும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறானே என்று நினைத்து, கைப்பிடியை இன்னொரு முறை துடைத்தான். கீழே இறங்கித் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தான்.

எண்ணெய் விட்டதும், காய்ந்து கிடந்த சந்தனம் குழைந்து களிம்பாகிச் சக்கரங்களுக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது. எலுமிச்சையும் எண்ணெயும் சேர்ந்து ஊறுகாய் வாசனை வந்தது. அரை மணியில் எறும்பு வரிசை கட்டிவிட்டது.

சிப்காட்டில் ஸ்டோர் பார்க்கும் கொளஞ்சிக்குப் போன் போட்டான். கொளஞ்சிக்குச் சொந்த ஊர் கடலோரம், கிள்ளைப் பக்கம். தெரியாது என்ற வார்த்தை தெரியாதவன்.

"மண்ணெண்ணெய்ல ஊறப் போடு அருளு. படகு இஞ்சினே சரியாவுது, இது என்னா பிசாத்து."

ஊறப் போட்டான். சந்தனம் போயிற்று. குங்குமம் போயிற்று. ரீலில் இருந்த பிடிமானமும் அதோடு போயிற்று. விரலால் தொட்டாலே கொர்ரென்று ஓடியது. சந்தோஷம் தாங்காமல், மாடியிலிருந்து தெருவைப் பார்த்து ஒரு வீச்சு வீசிப் பார்த்தான். எடைக்குக் கட்டிய நட்டு நாலடி போய் விழுந்துவிட்டது. ரீல் நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி, உள்ளே சுற்றியிருந்த தங்கூசித் தூண்டில் நரம்பு முழுவதையும் வெளியே கக்கியது. அருள்முருகன் மடியில் ஒரு தட்டு இடியாப்பம்.

பிரித்துப் பார்த்தான். இலக்கியா பிரித்துப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் மேலே வந்து, அது தனக்குக் கைவந்த கலை என்று சொல்லி, இருந்ததைவிட இறுக்கமாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் கத்தரிக்கோல்தான் பிரித்தது. மிச்சமிருந்த நரம்பு ஆற்றின் ஓரத்தைக்கூடத் தாண்டாது. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிற நைலான் நூலை வாங்கி ஒட்டுப் போட்டான். அது தடியின் வளையங்களுக்குள் நுழையத் தடித்தது. வளையத்துக்கு வளையம் மிச்சமிருந்த தேங்காயெண்ணெயைத் தடவினான்.

சாயங்காலம் வெயில் தாழக் கொளஞ்சியும் அவனும் உப்பனாற்றங்கரையில் நின்றார்கள். பையில் தூண்டிலோடு வந்த ஒரு பொய்மீன் இருந்தது. வெள்ளி நிறம், உருட்டிய கண், வயிற்றுக்கு அடியில் மூன்று முனைக் கொக்கி. வலித்து இழுத்தால் உயிர்மீன் போலவே நெளியும் என்று செல்வன் அன்றைக்கு ஆசையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் இவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"தோளுக்கு மேல கொண்டாந்து, ஒரே வீச்சு. நெனப்பெல்லாம் அக்கரையில இருக்கணும்," என்றான் கொளஞ்சி.

அருள்முருகன் தடியைத் தோளுக்கு மேல் கொண்டுவந்தான். நினைப்பை அக்கரைக்கு அனுப்பினான். வீசினான். தடி பாதியிலேயே நின்றது. எதுவோ கனமாக மாட்டியிருந்தது.

"மாட்டிக்கிச்சு, விட்றாத, இழு."

இழுத்தான். இழுத்த வேகத்தில் அவன் தலையே பின்னால் போயிற்று. இடது காதில் சுரீரென்றது. கொளஞ்சி சுற்றி வந்து பார்த்தான். காது மடலில் வெள்ளி மீன் ஜிமிக்கி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"அருளு, மீன் மாட்டல. நீதான் மாட்டியிருக்க."

காதைப் பிடித்துக்கொண்டு அவன் கொளஞ்சியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தான். தூண்டிலை மடக்கிப் பையில் போட நேரமில்லை. இன்னொரு கையில் நட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தான். முதுநகர் திருப்பத்தில் ஒரு வாதுமை மரக்கிளை தடியின் நுனியை வாங்கி வைத்துக்கொண்டது.

டாக்டர் கொக்கியை வெட்டி எடுத்தார். மருந்து வைத்துக் கட்டிய கம்பவுண்டர் வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர்.

"காது குத்தறதுன்னா தாய்மாமன் மடியில ஒக்காந்து குத்திக்கணும் தம்பி. தனியா பண்ணா இப்பிடித்தான்."

அருள்முருகனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு தான் விட்ட ஊசி, சுற்றிக்கொண்டு வந்து தன் காதிலேயே ஏறியிருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

ஞாயிறு காலை தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கிற தைலம்மாள் கூடையில் நல்ல கொடுவா ஒன்று இருந்தது. அதை வாங்கி அங்கேயே மணலில் வைத்து, டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்த பொய்மீனில் மீதமிருந்த கொக்கியை அதன் வாயில் மாட்டினான். தைலம்மாள் அவனையும், காதுக் கட்டையும், மீனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செத்த மீனுக்கு எதுக்குப்பா பொம்ம? அது வெளையாடப் போவுதா?"

வீட்டில் இலக்கியா உடைந்த தடிக்குக் கறுப்பு டேப் சுற்றிக் கதவு மூலையில் சாய்த்திருந்தாள். பையை மடித்துப் பென்குயின் தெரியும்படி மேலே மாட்டியிருந்தாள். பறவையாக இருந்தாலும் அதுவும் மீன் பிடிக்கிற ஜாதிதானே, பொருத்தமான கம்பெனிதான் என்று அருள்முருகன் நினைத்துக்கொண்டான்.

செல்வன் பத்து மணிக்கே வந்துவிட்டான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. "வா மச்சான்" என்று இவன் சொல்ல, "ம்" என்று அவன் சொல்ல, இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். லோகநாயகிதான் இலக்கியாவின் மகளை மடியில் இழுத்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"காதுல என்னா?" என்று செல்வன் கேட்டான்.

"கொசு."

அருள்முருகன் மெல்ல எழுந்துபோய், பொய்மீனைக் கவ்விய கொடுவாவைத் தாம்பாளத்தோடு கொண்டுவந்து எதிரே வைத்தான்.

"ஒன் தூண்டில்ல புடிச்சது மச்சான்."

செல்வன் மீனைப் பார்த்தான். அந்த வெள்ளிப் பொம்மையைப் பார்த்தான். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வருமா, சிப்காட்டில் போனஸ் போட்டுவிட்டார்களா, பாப்பா எந்த வகுப்பு என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தான். தூண்டில் பேச்சை இவன் எடுக்கும்போதெல்லாம் அவன் வேறெங்கோ போனான். நொண்டித் தடி மூலையில் நின்றது. அந்தப் பக்கம் அவன் கண் போகவே இல்லை.

கோபம் இன்னும் ஆறவில்லை என்று அருள்முருகனுக்கு விளங்கியது. இனி மீனை நம்பிப் பயனில்லை. மதியம் இலையில் குழம்பு ஊற்றும்போது, மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றதை எடுத்து வெளியே வைத்தான்.

"அன்னிக்கு மண்டபத்துல நான் சிரிச்சது தப்பு மச்சான். நீ பத்து கட ஏறி எறங்கி, என் நொட்டாங்கையக்கூட ஞாபகம் வச்சு எடுத்தாந்த. அந்த மாதிரி ஒரு பொருள் என் வாழ்நாள்ல எனக்கு யாரும் வாங்கித் தந்ததில்ல."

செல்வனுக்குப் புரை ஏறியது. முள் சிக்கிவிட்டதோ என்று இலக்கியா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவன் அதை வாங்காமல் எழுந்து, கை கழுவப் பின்பக்கம் போனான். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். பாதி மீன் இலையிலேயே இருந்தது.

மன்னிப்பைக் காலத்தில் கேட்காவிட்டால் அதுவும் மீன் மாதிரிக் கெட்டுப்போகும் போலிருக்கிறது என்று நினைத்தபடி அருள்முருகன் தெருமுனை வரை கூடவே போனான். ஆட்டோ வந்து நின்றது. செல்வன் முதலில் ஏறி, மறுபக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான். ஏறப் போன லோகநாயகி செருப்பைச் சரிசெய்கிறவள் மாதிரிப் பின்தங்கிக் குனிந்து, மெதுவான குரலில் சொன்னாள்.

"அண்ணே, அந்தத் தூண்டில் பேச்ச மட்டும் இனிமே அவர்கிட்ட எடுக்காதீங்க. அது கட கடயா ஏறி வாங்குனது இல்ல, நாங்க பிரிட்ஜ் வாங்குனப்ப இனாமா குடுத்தது. அந்தப் பென்குயின் எங்க பிரிட்ஜ் கதவுலயும் இருக்குது. அதப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டுத்தான் நீங்க சிரிச்சீங்கன்னு நெனச்சு, அந்த வெக்கத்துலதாண்ணே மூணு வருசமா ஒங்க வாசப்படி மிதிக்காம கெடந்தாரு."